பேரனின் வயிற்றுப்போக்கு குறித்து மகளுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்பு மகள் கலைச்செல்விக்கு அம்மாவின் ஆசிகள்.

பேரனுக்குத் தண்ணீராகப் போகிறது என்றும், பேதி நிற்கும் வரை தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிச் சம்பந்தியம்மா வற்புறுத்துகிறார் என்றும் சொன்னாய். நீ அழுதுகொண்டே கேட்டதால் நான் சொன்னது மனத்தில் பதிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். பாலை நிறுத்தாதே, முன்னைவிட அடிக்கடி கொடு. ஏழு மாதக் குழந்தையை வீழ்த்துவது உடலைவிட்டுப் போகும் நீரும் உப்பும்தான். போனதை ஈடுகட்டிக்கொண்டே இருந்தால் பேதி பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும்.

மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன அளவுப்படி என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) பொட்டலம் வாங்கு, அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் வேண்டாம். ஒரு லிட்டருக்கான பொட்டலமானால், கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கொட்டிக் கலக்க வேண்டும். சிறு பிள்ளைதானே என்று கண் அளவில் கொஞ்சம் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதலாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதே. ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லி வரை பாலாடையில் (சங்கில்) சிறிது சிறிதாகப் புகட்டு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடு. புட்டியைத் தொடவே வேண்டாம், அதன் ரப்பரை எவ்வளவு கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

சம்பந்தியம்மாவிடம் வாதாடாதே. அவர் கேட்டால், 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் என்ற உப்புநீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதே போன்ற உப்பு, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார் என்று சொல். வசம்பு உரைப்பதும், வயிற்றில் சிக்கியதாகச் சொல்வதை எடுக்கும் தொக்கம் எடுப்பதும் இப்போது வேண்டாம். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வரும் நம் பக்கத்துத் தெருக்களில் நான் செவிலியாக இருந்த காலமெல்லாம், தொக்கம் எடுத்துவிட்டுக் கண் உள்ளே போன பிள்ளையைத் தாமதமாகத் தூக்கிவந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் முடிந்ததால் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை தினம் 20 மில்லிகிராம், தாய்ப்பாலில் கரைத்து, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டே தொடங்கு. பேதியை நிறுத்தும் மாத்திரையோ, மருந்துக்கடைக்காரர் தாமாக எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கோ கொடுக்காதே. குழைந்த பருப்புச் சாதமும் இட்லியும் வழக்கம்போல் ஊட்டலாம். 6, 10, 14ஆம் வாரங்களில் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரசைத் தடுக்கும் சொட்டு மருந்து போட்டிருப்பது நல்லதே, ஆனாலும் பேதிக்குக் காரணமான கிருமிகள் வேறும் உண்டு.

உச்சிக்குழியோ கண்ணோ உள்ளே ஒடுங்கினாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், அழுதும் கண்ணீர் வராவிட்டாலும், மலத்தில் ரத்தமோ வாந்தியில் பச்சையோ தெரிந்தாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் விடியும்வரை காத்திராமல், வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல். மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. எத்தனை முறை போனது, எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று ஒரு தாளில் குறித்துவைத்து, நாளை காலை எனக்குச் சொல்.

உன் அம்மா