ஆறாயிரம் மீட்டருக்கு முன் ஓர் எரிமலை: சமுத்ரயான் குழுவினருக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பள்ளிக்கரணையில், மனிதரை ஆழ்கடலுக்கு அனுப்பும் சமுத்ரயான் திட்டத்துக்காக மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கிவரும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தாருக்கும், புவி அறிவியல் அமைச்சகத்தில் ஆழ்கடல் இயக்கத்தைக் கவனிப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். கலம் சோதனைகளை முடித்து அறிவியல் முழுக்குகளுக்குத் தயாரானதும், முதல் பருவத்தை அந்தமான் கடலின் எரிமலைச் சரிவுகளுக்குக் கொடுங்கள். பாறை, நீர், உயிர் மூன்றும் ஒரே முழுக்கில், ஒரே இடத்திலிருந்து மேலே வரும்படி அந்த முழுக்குகளைத் திட்டமிடுங்கள்.

2025 பிப்ரவரியில் காட்டுப்பள்ளியில் கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தீர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம்மவர் இருவர் பிரான்சின் நோட்டீல் கலத்தில் அட்லாண்டிக்கில் 4,025 மீட்டரையும் 5,002 மீட்டரையும் தொட்டார்கள். அடுத்து எல்லோர் கண்ணும் 6,000 என்ற எண்ணின் மீதுதான் இருக்கும். அந்த எண்ணை எட்டுவது பொறியியலுக்கு அவசியம், மறுக்கவில்லை. ஆனால் அறிவியலுக்கு வேண்டியது அடியில் செலவிடும் நேரம். மனிதரைச் சுமக்கும் ஆழ்கடல் கலம் பொதுவாக நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவில் இறங்கும், அதே வேகத்தில்தான் ஏறும். 12 மணி நேர முழுக்கில் 6,000 மீட்டருக்குப் போய்வரவே 6 மணி 40 நிமிடம் போய்விடும். 2,000 மீட்டர் என்றால் போக வர இரண்டேகால் மணிதான். மிச்சமுள்ள ஒன்பதே முக்கால் மணி நேரமும் தரையில் வேலை செய்யலாம். புதிய கலத்துக்கும் புதிய குழுவுக்கும் கை பழக அந்த நேரம் வேண்டும்.

அந்தமான் கடலை ஏன் சொல்கிறோம்? பாரன் தீவு இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை. 150 ஆண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்து 1991இல் விழித்தது. அதன் பிறகு பலமுறை பொங்கியிருக்கிறது. கடலுக்கு மேல் நாம் பார்ப்பது 350 மீட்டர் சொச்சம். மீதி மலை 2,000 மீட்டருக்கும் கீழே போகிறது. அங்கிருந்து தெற்கே போனால், நிக்கோபாரை ஒட்டி, உச்சியில் எரிமலை வாயுள்ள கடலடி மலை ஒன்றைக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் விவரித்திருக்கிறார்கள். 2005 ஜனவரி இறுதியில், சுனாமி வந்து ஒரு மாதத்தில், அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்கள் திரளாக நிகழ்ந்தன. உலகில் பதிவான மிகப்பெரிய திரள்களில் அதுவும் ஒன்று. இத்தனையும் அந்தமானில் உள்ள நம் துறைமுகத்திலிருந்து ஓரிரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் போக முடியும் என்பதுதான் இங்கே பெரிய வசதி. எரிமலையை ஒருமுறை பார்ப்பதால் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது.

உயிரியலுக்கும் இந்தக் கடலில் தனிக் கேள்வி ஒன்று இருக்கிறது. தீவு வரிசைகளுக்கு இடையே உள்ள கடலடி வரப்புகள் வங்காள விரிகுடாவின் குளிர்ந்த அடிநீரை உள்ளே விடுவதில்லை. அதனால் 1,500 மீட்டருக்குக் கீழே எங்கே அளந்தாலும் சுமார் 5 டிகிரிதான். இப்படி அடைபட்ட படுகையின் வெந்நீர் ஊற்றுகளில், அதாவது எரிமலை வெப்பத்தால் சூடேறிய நீர் கடல்தரையிலிருந்து பீறிடும் இடங்களில், உயிர்கள் இருந்தால், அவற்றின் உறவினர்கள் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஓடும் கடலடி மலைத்தொடரான முகட்டில் இருக்கிறார்களா, மேற்குப் பசிபிக்கிலா? லார்வாக்கள் எந்த வழியாக வந்திருக்கும்? உடலும் மரபணுவும் கையில் இல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

ஒரே இடம் என்று நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கிறது. மத்திய இந்திய முகட்டில், கைரெய் ஊற்றுத் தளத்தில் 2001இல் கண்டெடுத்த செதில்கால் நத்தையின் பாதம் முழுக்க ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள். அவற்றின் மேல் இரும்பு சல்பைடு படிந்து கருத்திருக்கும், காந்தத்தில் ஒட்டும். அதே முகட்டில் வடக்கே உள்ள சாலிட்டேர் தளத்திலும் இதே நத்தை வாழ்கிறது, ஆனால் அங்கே அது வெள்ளை. சாலிட்டேர் ஊற்றுநீரில் இரும்பு மிகக் குறைவு. அடியில் உள்ள பாறை நீரை மாற்றுகிறது, நீர் நத்தையின் நிறத்தை மாற்றுகிறது. நத்தையை மட்டும் எடுத்து வந்து, நீரை வேறொரு நாள் வேறொரு துளையில் பிடித்திருந்தால், நிறம் ஏன் மாறியது என்றே தெரிந்திருக்காது.

இனி செய்முறை. எங்கே இறங்குவது என்பதை, ஒலியலையால் கடல்தரையை அளக்கும் கப்பலின் சோனாரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு டிகிரி அகலமுள்ள ஒலிக்கற்றை 2,000 மீட்டர் ஆழத்தில் தரையில் சுமார் 35 மீட்டர் அகலத்தை ஒரே புள்ளியாகப் பார்க்கும். ஊற்றைச் சுற்றிக் கனிமம் படிந்து எழும் புகைப்போக்கியின் அடிப்பாகமோ இரண்டு மூன்று மீட்டர்தான். அதனால் முதலில் நீரைத் தேடுங்கள். வெப்பம், உப்பு, கலங்கல், ஆக்சிஜனேற்ற நிலை நான்கையும் அளக்கும் கருவியைக் கம்பியில் கட்டி, தரைக்கும் அதற்கு 400 மீட்டர் மேலுக்கும் இடையே ஏற்றி இறக்கியபடி கப்பலை மெதுவாக நகர்த்த வேண்டும். ஊற்றுநீர் 100 முதல் 300 மீட்டர் வரை எழும்பிப் பிறகு பக்கவாட்டில் பரவும். அங்கே வெப்ப மாற்றம் டிகிரியில் நூறில் சில பங்குதான் இருக்கும். கலங்கல் பல கிலோமீட்டர் போகும், அதை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாறுவீர்கள். ஆக்சிஜனேற்ற அளவி காட்டும் எண் சட்டென்று விழும் இடமே ஊற்றுக்கு அருகாமை, ஏனென்றால் ஹைட்ரஜன் சல்பைடு போன்றவை வெகுதூரம் போவதற்குள் மாறிவிடும். அதன் பின் ஆளில்லாக் கலம் தரைக்கு 50 மீட்டர் உயரத்தில் பறந்து ஒரு மீட்டர் நுணுக்கத்தில் வரைபடம் எடுக்கட்டும். 2024 டிசம்பரில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஊற்றைப் படம்பிடித்த அனுபவம் உங்களுக்கே இருக்கிறது. மனிதர் இறங்குவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

அடியில் வேலை செய்யும் வரிசை மாறக் கூடாது. முதலில் படம், அளவுக்கோலாக இரண்டு லேசர் புள்ளிகளோடு. கலத்தின் கை பட்டுவிட்டால் பாக்டீரியாப் படலம் கலைந்துபோகும், மறுபடி கிடைக்காது. அடுத்து வெப்பம்: முனையைத் துளைக்குள் விட்டு, எண் ஏறி நிலைக்கும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு நீர், பிறகு உயிர்கள், கடைசியில் பாறை. பாறையை முதலில் உடைத்தால் எழும் தூசி மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

நீர் பிடிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. குப்பியை வேகமாகத் திறந்தால் சுற்றியுள்ள கடல்நீரும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். கலப்படத்தை மெக்னீசியம் காட்டிக்கொடுக்கும்: கடல்நீரில் கிலோவுக்கு சுமார் 53 மில்லிமோல் இருக்கும், கலப்பில்லாத உயர்வெப்ப ஊற்றுநீரில் ஏறத்தாழ ஒன்றுமே இருக்காது. 26 வந்தால் பிடித்ததில் பாதி கடல்நீர். ஒரு துளைக்குக் குறைந்தது இரண்டு குப்பி பிடியுங்கள். ஒன்று அழுத்தம் காக்கும் டைட்டானியக் குப்பியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயுக்கள் வழியிலேயே தப்பிவிடும். அந்தக் குப்பி கப்பலுக்கு வந்த பிறகும் உள்ளே 200 வளிமண்டல அழுத்தம் இருக்கும் என்பதைத் தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குளோரைடையும் கட்டாயம் அளக்க வேண்டும். 1,500 மீட்டர் ஆழத்தில் கடல்நீர் 340 டிகிரியைத் தாண்டியதும் கொதித்து ஆவியாகவும் செறிந்த உப்புநீராகவும் பிரியும். 3,000 மீட்டருக்குக் கீழே 400 டிகிரியிலும் கொதிக்காது. ஆழம் குறைந்த எரிமலையில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளிலேயே உப்பு வேறுபடலாம்.

உயிர்களைக் கொல்வது பெரும்பாலும் மேற்பரப்பின் வெப்பம்தான். 5 டிகிரியில் வாழ்ந்த இறால் 28, 29 டிகிரி மேல்நீரைக் கடந்து வர வேண்டும். மூடியும் வெப்பத்தடுப்பும் உள்ள பெட்டியில் அடிநீரையே நிரப்பி மூடிக் கொண்டுவாருங்கள். கப்பலில் 5 டிகிரிக் கடல்நீர் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். மரபணுவுக்கு 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனால், உடலமைப்புக்குத் தாங்கல் (அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் பொருள்) கலந்த ஃபார்மலின், உடனுறை உயிரிகளுக்குத் துண்டு வெட்டி மைனஸ் 80 டிகிரி உறைகலம். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டால் மரபணு வேலை நடக்காது. தாங்கல் கலக்காவிட்டால் நத்தை ஓடு கரையத் தொடங்கும்.

பாறையில் உதிரியாகக் கிடப்பதை எடுக்காதீர்கள், அது எங்கிருந்து உருண்டு வந்ததோ தெரியாது. நிலைத்த பாறையில் இருந்து, வெளிப்புறக் கண்ணாடித் தோலோடு உடைத்தெடுங்கள். குளிர்நீர் பட்டு நொடியில் உறைந்த அந்தச் சில மில்லிமீட்டர்தான் மாக்மாவின் வேதியியலையும் கரைந்திருந்த வாயுவையும் வைத்திருக்கிறது. லாவா புதிது என்று சந்தேகம் வந்தால் பொலோனியம் 210 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கொண்டு வயதைச் சொல்லலாம். ஆனால் அதன் அரை ஆயுள் 138 நாள். ஆய்வகத்தில் மாதிரி வரிசையில் காத்திருந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த அளவீட்டுக்கான ஆய்வக ஏற்பாட்டை முழுக்குக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஆபத்துகளை மறைத்துப் பேசுவது சரியல்ல. 1952 செப்டம்பரில் மியோஜின்ஷோ கடலடி எரிமலையை ஆராயப் போன காய்யோ மாரு 5 என்ற ஜப்பானியக் கப்பல் வெடிப்பில் சிக்கி 31 பேரும் இறந்தார்கள். பாரன் தீவு பொங்கும் காலத்தில் அருகில் முழுக்கு வேண்டாம். அமைதியாகத் தெரியும் காலத்திலும் முந்தைய சில நாட்கள் நீரொலி வாங்கியைப் போட்டுக் கேட்டுவிட்டே இறங்குங்கள். சரிவுகளில் சாம்பலும் எரிமலைக் கற்களும் சரியும் கோணத்தில் நிற்கின்றன. ஓடைப் பள்ளங்களை விட்டுவிட்டு முதுகுபோல் நீண்ட மேடுகளில், கீழிருந்து மேலாக வேலை செய்யுங்கள். ஊற்றை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அணுகினால், உந்தி நின்றாலும் கலம் ஊற்றிலிருந்து விலகித்தான் போகும். 1979இல் கிழக்குப் பசிபிக்கில் ஆல்வின் கலம் கரும்புகைப்போக்கியில் நுழைத்த வெப்பமானியின் பிளாஸ்டிக் பாகம் உருகிப்போனது. பார்வைச் சாளரத்தின் அக்ரிலிக்கும் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால், புகைக்கு நேர் மேலே கலம் ஒருபோதும் போகக் கூடாது. அதைவிட நாங்கள் அஞ்சுவது அறுந்து கிடக்கும் தூண்டில் கயிறும் வலையும்தான். மீன் கூடும் இடம் என்பதால் கடலடி மலைகளில் அவை சிக்கிக் கிடக்கும். 2005இல் கம்சாட்கா அருகே ரஷ்யாவின் ஏ.எஸ். 28 கலம் சிக்கியது வெறும் 190 மீட்டரில். ஏழு பேரையும் மீட்க மூன்று நாளுக்கு மேல் ஆனது, மீட்டதும் பிரிட்டனில் இருந்து வந்த ரோபோ. மத்ஸ்யாவில் 96 மணி நேர உயிர்காப்பு இருக்கிறது. கயிறு அறுக்கக் கூடிய ரோபோ உலகின் மறுகோடியில் இல்லாமல் அதே கப்பலிலோ துணைக்கப்பலிலோ இருந்தால்தான் அந்த 96 மணி நேரத்துக்குப் பயன்.

முழுக்கு முடிந்ததும் அங்கே சில கருவிகளை விட்டுவிட்டு வாருங்கள். அடித்தள அழுத்த அளவி எரிமலை ஒரு சென்டிமீட்டர் உப்பினாலும் சொல்லும். அமெரிக்காவின் ஆக்சியல் எரிமலையில் இப்படி அளந்துவந்ததால்தான் 2015 ஏப்ரல் வெடிப்பை முன்கூட்டியே கணிக்க முடிந்தது. அப்போது அதன் பெருவாய்த் தளம் 2 மீட்டருக்கு மேல் இறங்கியது. அதே மலையில் 1998இல் ஒரு கருவி லாவாவுக்குள் மாட்டிக்கொண்டது. அடியில் பாய்ந்த குழம்பு அதை 72 நிமிடத்தில் மூன்று மீட்டர் அளவுக்குத் தூக்கிப் பிறகு இறக்கியது. கருவி அழியவில்லை, அழுத்தத்தைப் பதிவு செய்துகொண்டே இருந்தது. கடலடியில் லாவா எப்படி உப்பி வடிகிறது என்பதற்கு நிமிட வாரியான சாட்சி அந்தப் பதிவுதான். கருவி போய்விடுமே என்று நிதிப் பிரிவு கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒலிவழி இடங்காட்டி 2,000 மீட்டரில் 10, 20 மீட்டர் பிசகும். எண் எழுதிய மிதவைக் குறிகளை நட்டுவைத்தால்தான் அடுத்த ஆண்டு அதே துளைக்குத் திரும்பிப் போக முடியும்.

மத்திய, தென்மேற்கு இந்திய முகடுகளில் 10,000 சதுர கிலோமீட்டரில், ஊற்றுகளில் படியும் உலோகக் கனிமமான சல்பைடைத் தேட 2016இல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்திருக்கிறது. செதில்கால் நத்தையின் வீடும் இந்த முகடுகள்தான். சுரங்க அச்சத்தைக் காரணம் காட்டி 2019இல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஏறியது. ஆகவே அந்தமானில் தொடங்கும்போதே ஒரு விதியை எழுத்தில் வையுங்கள்: நீர் பாயும் புகைப்போக்கியை உடைக்கக் கூடாது, சல்பைடு மாதிரி அணைந்தவற்றில் இருந்து மட்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு பகுதியைத் தொடாமல் ஒப்பீட்டுக்காக விட்டுவைக்க வேண்டும். அங்கே பழகும் கைதான் பிறகு முகட்டுக்கும் போகப் போகிறது.

முதல் பருவத்துக்கான முழுக்குத் திட்டத்தின் வரைவைப் பொதுவில் வெளியிடுங்கள். தளத் தேர்வு, மாதிரி வரிசை, ரசாயனப் பட்டியல், மீட்பு ஏற்பாடு என ஒவ்வொன்றுக்கும் எங்கள் குறிப்புகளை ஒரு மாதத்துக்குள் எழுதித் தருகிறோம். மாதிரிகளின் பட்டியலையும் அளவீடுகளையும் இரண்டு ஆண்டுக்குள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடுவீர்கள் என்ற உறுதியையும் அதே வரைவில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலடி நிலவியலிலும் ஆழ்கடல் உயிரியலிலும் பணிபுரியும் சிலர்