மஞ்சள் சட்டைக்காரர்களிடம் ஒரு வார்த்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களின் விசுவாசத்தைப் பாராட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 2018 ஏப்ரலில், காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தின் மீதி ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. சுமார் ஆயிரம் பேர் ரயிலேறிப் போய் விசிலடித்துவிட்டு வந்தார்கள். என் தம்பியும் போனான். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் 2015-ஐக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்த ஜூலை 14 அன்று, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை இரண்டு ஆண்டு தடை செய்தது. ஆட்டக்காரர்கள் செய்த தப்புக்காக அல்ல. நிர்வாகத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் பெட்டிங் கட்டியதற்காக. அது நிரூபணமாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. தடை வந்த அன்று இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 'வடக்கத்திக்காரன் சதி' என்றே செய்திகள் குவிந்தன. "ராஜஸ்தான் அணிக்கும் அதே நாளில் அதே தண்டனைதானே?" என்று கேட்டேன். "நீ எந்த ஊர்க்காரன்?" என்று பதில் வந்தது. திருவல்லிக்கேணியில் பிறந்தவன் நான். சேப்பாக்கத்தில் சிக்ஸர் பறந்தால் எங்கள் மொட்டை மாடிக்குச் சத்தம் கேட்கும். மறுநாள் காலை என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். பல வருடம் ஆகியும் அது உறுத்துகிறது.

அணியைச் சொன்னால் நம்மைச் சொன்னதாக, ஊரையே சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். அதனால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் முந்திக்கொண்டு சண்டைக்குப் போகிறோம். கேள்வி அதோடு அமுங்கிப் போகிறது. 2025-இல் அணி முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தபோதும் இதையே பார்த்தேன். வீரர் தேர்வு சரியில்லை என்றவர்களுக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது.

1999 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் டெஸ்ட்டை ஜெயித்தது. அப்பா அன்று கேலரியில் இருந்தார். சச்சின் அவுட்டானதும் அவருக்கு அழுகை வந்துவிட்டதாம். ஆட்டம் முடிந்ததும், எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தோடு அவரும் கைதட்டியிருக்கிறார். அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள்தானே நாம்? கேள்வி கேட்பவனையும் குழுவில் இருக்க விடுங்கள். அவனும் மஞ்சள் சட்டைதான் போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.