மருந்தை நிறுத்தாதீர்கள்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும் பிரசவ வார்டு நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கத்திலிருந்து மீள, மாற்று மருந்தாக மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ எடுத்துவரும் கர்ப்பிணிக்கு அந்த மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. அப்புறம் ஏன் என் தங்கையை நிறுத்தச் சொன்னீர்கள்?

அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். காலையில் குடிக்கும் மெத்தடோன் முன்பெல்லாம் மறுநாள் காலை வரை தாங்கும். வயிறு பெருக்கப் பெருக்க, மதியம் மூன்று மணிக்கே கொட்டாவி தொடங்கிவிடும். மூக்கு ஒழுகும், கையெல்லாம் புல்லரித்து நிற்கும். கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் கட்டில் சட்டத்தை உதைத்துக்கொண்டே இருப்பாள். ஒரு கை மட்டும் வயிற்றை விட்டு அசையாது. கடைசி மாதங்களில் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அளவைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். இது நீங்கள் படித்த பாடம்தானே? அதைத்தான் அவளும் கேட்டாள். "இன்னும் போதை கேட்கிறதா?" என்றார் உங்களில் ஒருவர். அடுத்த முறை போனபோது, முழுசாக விட்டால்தான் பிரசவம் பார்ப்போம் என்றார்.

பிள்ளைக்காக விட்டாள். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பதினோராம் நாள் பழைய இடத்துக்கே போய்விட்டாள். மருந்து இல்லாத நாட்களில் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருந்ததால், பழைய அளவே அவளைச் சாய்த்துவிட்டது. மிகையான போதையை முறிக்கும் நலாக்சோன் மருந்து சமயத்தில் கிடைத்தது. இரண்டு உயிரும் தப்பின.

தயவுசெய்து மருந்தை நிறுத்தாதீர்கள்.

தாய் மருந்தைத் தொடர்ந்தால் பிறந்த குழந்தைக்கு நடுக்கம் வரும் என்பீர்கள். ஆமாம், வரலாம். கீச்சென்று அழும், பால் குடிக்கத் திணறும். ஆனால் அது கவனித்துச் சரிசெய்யக் கூடியது. தாயின் மார்போடு அணைத்து, இருட்டான அமைதியான அறையில் வைத்து, உண்பது, உறங்குவது, தேற்றினால் அடங்குவது என்ற மூன்றை மட்டும் பார்த்துச் சிகிச்சை தந்தபோது, குழந்தை வீட்டுக்குப் போகத் தயாராக 15 நாள் போல ஆனது 8 நாளாகக் குறைந்தது என்று 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. என் தங்கையின் குழந்தையையோ தூக்கிக்கொண்டு போய் வெளிச்சமான அறையில் போட்டார்கள். சுரந்த பால் சட்டையை நனைக்க, அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். கேஸ் ஷீட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'போதை கேஸ்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் இடுப்புவலி வரும்வரை உங்கள் வாசலையே மிதிப்பதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: மருந்தை நிறுத்தாதீர்கள். போதவில்லை என்று அவள் சொன்னால் நம்பி, பரிசோதித்து, அளவைக் கூட்டுங்கள். வார்டில் சேர்ந்த பிறகும் வேளை தவறாமல் கொடுங்கள். குழந்தையைத் தாயிடமே விடுங்கள். இதை உங்கள் வார்டின் எழுத்துபூர்வமான நடைமுறையாக்கி, இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் வரை தெரியப்படுத்தும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா