கோவை ஒப்பணக்கார வீதி வியாபாரிகளுக்கும் கோட்டைமேட்டு ஜமாத்தாருக்கும்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளாவில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஊர்க்காரன் நான். எங்கள் ரேஷன் கார்டில் மலையாளம் இருக்கும், ஆனால் வீட்டில் பேசுவது தமிழ்தான், கல்யாணச் சேலை, தாலிக்குப் பொன், பெரிய வைத்தியம் எது என்றாலும் உக்கடம் பஸ் ஏறித்தான் பழக்கம். உங்கள் கடைகளில் என் தாத்தா காலத்திலிருந்தே எங்களுக்குக் கணக்கு உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

1998 பிப்ரவரி 14 ஒரு சனிக்கிழமை. விடியுமுன்னே கத்தரிக்காய் மூட்டைகளோடு டவுனுக்குப் போன அப்பா அன்று ராத்திரி வரவில்லை. ஆர்.எஸ். புரத்தில் பி.ஜே.பி. தலைவர் அத்வானி பேச இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது, ஸ்டேஷனில் வெடித்தது, ஆஸ்பத்திரியில் வெடித்தது என்று ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல அம்மா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரே சாயங்காலத்தில் ஊரைச் சுற்றிப் பதினோரு இடங்கள், 58 உயிர்கள். அப்பா மறுநாள் மத்தியானம் மதுக்கரையிலிருந்து பாதி தூரம் நடந்தும் பாதி லாரியிலுமாக வந்து சேர்ந்தார். குளித்தார், படுத்தார். ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

வைகாசியில் அக்கா கல்யாணம். சித்திரையில் துணி எடுக்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பலகை அடித்திருந்தது. கடைக்காரப் பெரியவர் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கி கிடக்கட்டும், மொதல்ல பொண்ணு கல்யாணத்த முடிங்க" என்று சொல்லிப் புதுச் சேலைகளையும் கடனில்தான் கொடுத்தார். அவர் கடையே ரெண்டு மாசம் சரியாக ஓடியிருக்காது. வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபோது ஒரு சேலையின் மடிப்பிலிருந்து பட்டாணி அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு விழுந்தது. அம்மாவின் விரலில் கீறி ரத்தம் வந்தது. அம்மா அதை வெளியே எறியாமல் ஒரு காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே அப்பா இன்னொரு இடத்துக்கும் போனார். எங்களுக்கு மெத்தை தைத்துக் கொடுக்கும் பாயின் கடை அதற்கு முந்தின நவம்பர் கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. சாம்பல் வாசம் போகாத அந்த வாசலிலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா மெத்தைக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அவர் கையில் கொடுத்தார். கையில் இருந்த காசு அவ்வளவுதான், அதனால்தான் சேலை கடன். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு பாயே அந்த மெத்தையைப் பஸ் மேல் கட்டி எடுத்துக்கொண்டு வேலந்தாவளத்தில் வந்து இறங்கினார். அக்கா வீட்டில் அது இன்னும் இருக்கிறது, பஞ்சை மட்டும் ரெண்டு தடவை மாற்றியாயிற்று.

கோவை பத்தே நாளில் எழுந்து நின்றுவிட்டது என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ரெண்டு கடைகளும்தான் ஞாபகம் வரும். ராணுவம் வந்தது, நீதிபதி கோகுலகிருஷ்ணன் கமிஷன் விசாரித்தது, வழக்கில் 2007-ல் தீர்ப்பு வந்தது. எல்லாம் வேண்டியதுதான். குண்டு வைத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் கடைவீதி எழுந்தது, பாக்கியைக் கேட்காமல் விட்டவராலும், முன்பணத்தை வாங்கிக்கொண்டு சொன்ன தேதிக்கு மெத்தையைக் கொண்டுவந்து இறக்கியவராலும்.

அப்புறம் ஒரு விஷயம், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். 1997 நவம்பர் 29-ம் தேதி உக்கடத்தில் போலீஸ்காரர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். பிப்ரவரியைப் பற்றிப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் நவம்பரைப் பேசுவதில்லை, நவம்பரைப் பேசுகிறவர்கள் சிலருக்குப் பிப்ரவரி என்றால் வாய் அடைத்துப் போகிறது. ஒன்று இன்னொன்றை நியாயப்படுத்தாது, நிச்சயமாக இல்லை. குண்டு வைப்பதற்கு ஒரு காரணமும் காரணம் ஆகாது. ஆனால் ஆஸ்பத்திரியில் செத்தவரின் மகளும் நவம்பரில் செத்தவரின் மகனும் இன்றைக்கு அதே டவுன்ஹால் சிக்னலில்தான் நிற்கிறார்கள். ஒருத்தர் அப்பாவுக்கு மட்டும் மாலை போட்டால் மற்றவருக்கு எப்படி இருக்கும்?

உங்களால் இது முடியாத காரியம் இல்லை. 2022 அக்டோபர் 23-ம் தேதி, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் அந்தக் கார் வெடித்தபோது இந்தப் பக்கத்தில் நாங்களெல்லாம் பயந்தது குண்டுக்கு அல்ல, அதற்குப் பிறகு என்ன நடக்குமோ என்றுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஜமாத்தார் அந்தக் கோயிலுக்கே போய்ப் பூசாரிகளைப் பார்த்துப் பேசினீர்கள், அவர்களும் உங்களை வரவேற்று உட்காரவைத்துப் பேசினார்கள். செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வயசாகிப் படுத்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, கேட்க வந்தது இதுதான். வரும் பிப்ரவரி 14 அன்று, அது முடியாவிட்டால் நவம்பர் 29 அன்று, வியாபாரிகளும் ஜமாத்தாரும் சேர்ந்து ஒரே இடத்தில் அந்த 18 பேரின் பெயரையும் 58 பேரின் பெயரையும் செல்வராஜின் பெயரையும் வரிசையாக வாசியுங்கள். கட்சிக்கொடி வேண்டாம், மைக் பேச்சு வேண்டாம். பெயர், வயசு, என்ன வேலை பார்த்தார், அவ்வளவு போதும். கால் மணி நேரம் கடையைப் பாதி ஷட்டரில் விட்டால் வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடாது. உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன்கள் முக்கால்வாசிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை, அவர்களையும் நிற்கவையுங்கள்.

தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலந்தாவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் நானும் அக்காவும் வந்துவிடுகிறோம். அம்மாவின் அந்தக் காகிதப் பொட்டலம் இன்னும் எங்களிடம் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறோம்.