கடந்த ஆண்டின் படையுடைத் தையல் பணிகள்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தையற்கலையில் மூத்தோரே, சீருடை அணிந்து மக்கள் முன் நிற்கும் இளையர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போர்க்காலப் படைகளின் உடைகளைத் தைத்து, அணிந்து, சிங்கப்பூர் மக்கள் முன் காட்சியாக நிறுத்துவது நம் சங்கத்தின் பணி. நடைமுறைக் குறிப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டு விவரங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தேக்கா மார்க்கெட் மேல்மாடியில் நெடுங்காலம் கடை வைத்திருந்து, ஓய்வுக்குப் பின் நமக்கு வெட்டும் தையலும் கற்றுக்கொடுத்த மூத்த உறுப்பினர் ஒருவர் இவ்வாண்டு காலமானார். அவருடைய கத்தரிக்கோலையும் அளவுப் புத்தகங்களையும் குடும்பத்தார் நம்மிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இவ்வாண்டு வேலையில் பெரும்பகுதி ஒரே உடைக்குத்தான் போயிற்று. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவாக இருந்த ஜான்சி ராணிப் படையின் உடை அது. நேதாஜி 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்தார். அம்மாதம் 12ஆம் தேதி டாக்டர் லட்சுமி திரட்டிய பெண்கள் அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தபோது வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தார்கள், கையில் மட்டும் ரைஃபிள். அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் திறந்தது. அதன்பின் எடுத்த படங்களில் காக்கிச் சட்டை, பிரீச்சஸ் என்னும் முழங்காலுக்குக் கீழே இறுகும் கால்சட்டை, பக்கவாட்டில் மடியும் தொப்பி. இந்தப் பெண்களில் மிகப் பலர் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். அதுவரை பாவாடையும் சேலையும் கட்டியவர்கள் கால்சட்டை போட்டு, முடியைக் கத்தரித்துக்கொண்டு அணியில் நின்றார்கள். கடையில் தொங்கும் ஆண்களுக்கான காக்கியை வாங்கி இடுப்பில் பிடித்துத் தைத்து நம் பெண்களை நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். அதன்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்து வெட்டியிருக்கிறோம்.

துணியில்தான் முதல் சிரமம். அரபு ஸ்திரீட்டிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் காக்கி கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது. வெயிலில் பளபளக்கும், கஞ்சி பிடிக்காது, நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும். ஐயம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி நெருப்பில் காட்டிவிடுவோம். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கடைசியில் சுத்தப் பருத்தி டிரில் துணி ஈரோட்டிலிருந்து வந்தது. குறுக்கே சாய்ந்து ஓடும் வரி நன்கு தெரியும் நெசவு. வெந்நீரில் ஓரிரவு ஊறப்போட்டு, காயவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகே கத்தரி வைக்கிறோம். இந்த விதியில் விலக்கு கிடையாது.

நிறத்தைப் பற்றி உறுப்பினர்கள் நிறையக் கேட்டீர்கள். படங்கள் கறுப்பு வெள்ளை. அவற்றைப் பார்த்து இதுதான் சரியான காக்கி என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அக்காலத்து மினரல் காக்கி இரும்பு, குரோமியம் உப்புகளால் ஏற்றிய சாயம். எளிதில் வெளுக்காது. அந்த உப்புகளை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அடுக்களையில் வைத்துக் கையாள்வது ஆபத்து என்பதால் செயற்குழு அனுமதி தரவில்லை. பருத்திக்கான சாதாரணச் சாயத்தையே பயன்படுத்தினோம், ஆனால் வேண்டுமென்றே சற்று முன்பின்னான நிறங்களில். இந்திய தேசிய ராணுவத்துக்கு உடையும் ஆயுதமும் பெரும்பாலும் பிரிட்டிஷார் விட்டுப்போன சரக்கிலிருந்து கிடைத்தவை. ஜப்பானியர் காலத்தில் துணிப் பஞ்சம் எவ்வளவு கடுமை என்பதற்கு, சாக்கை வெட்டித் தைத்து உடுத்தியவர்களைக் கண்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் எல்லாரும் ஒரே நிறத்தில் மொடமொடவென்று நின்றதுபோல் காட்டினால் அது பொய். சென்ற பிப்ரவரியில் நம் அணியைப் பார்க்க வந்த பாட்டி ஒருவர், பேத்தி வயதுப் பெண்ணின் காலரைத் தடவிப் பார்த்து, அந்தக் காலத்தில் இவ்வளவு புதுத் துணியை யார் கொடுத்தார் என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த உடையும் பலமுறை துவைத்து, வெயிலில் போட்டெடுத்த பிறகே வெளியே போகிறது.

தையலில் பெருமையாகச் சொல்ல ஒன்று உண்டு: காஜா, அதாவது பொத்தான் துளை. துளையைக் கீறி, பிசிறு வராமல் ஓரம் கட்டி, தடித்த நூலைச் சுற்றிலும் படுக்கவைத்து, அதன்மேல் நெருக்கமாக முடிச்சுத் தையல் போட்டு, இரு முனையிலும் குறுக்கே கட்டுப்போட வேண்டும். பழகிய கைக்கே ஒரு சட்டைக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். தொடக்கத்தில் சொன்ன, மறைந்த மூத்த உறுப்பினர் இதை நம் உயர்நிலைப் பள்ளி மாணவியர் மூவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மூவரும் இன்று இங்கே இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த காஜாக்களை வெளியே மேசைமேல் வைத்திருக்கிறோம், அவசியம் பாருங்கள்.

1941, 42இல் இங்கே போரிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையின் உடையில் முன்னேற்றம் குறைவு. சட்டை, அரைக்கால்சட்டை ஆகியவற்றின் பேட்டர்ன் தயார். காலில் சுற்றும் பட்டியைக் காலாட்படைக்குக் கணுக்காலிலிருந்து மேலே சுற்ற வேண்டும், குதிரைப்படைக்கு முழங்காலிலிருந்து கீழே. சிலர் இன்னும் மாற்றிச் சுற்றுகிறார்கள். புறப்படுமுன் அணித்தலைவர் ஒவ்வொரு காலையும் பார்த்தால் போதும். லாட ஆணி அடித்த பூட்ஸ் வழவழப்பான தரையில் வழுக்குவதால், கட்டடத்துக்குள் ரப்பர் அடிப்பாகம் ஒட்டிய ஜோடியையே போடுங்கள். தலைப்பாகையைப் பொறுத்தவரை, சீக்கியப் பெரியவர் ஒருவர் வந்து கட்டக் கற்றுத்தர இசைந்திருக்கிறார். அதுவரை அந்த வேடம் வேண்டாம்.

சிங்கப்பூரின் புக்கிட் சண்டு குன்றில் 1942 பிப்ரவரி 14ஆம் தேதி பஞ்சாபிப் படையினர் உடையில் வந்த ஜப்பானியரை, நால்வர் நால்வராக நடந்ததை வைத்தே மலாய்ப் படைப்பிரிவின் லெப்டினன்ட் அட்னான் சைடியின் ஆட்கள் கண்டுகொண்டார்கள் என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் படை மூவர் மூவராக நடக்கும். உடை எவ்வளவு சரியாக இருந்தாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அணிநடைப் பயிற்சிக்கு வராதவர்களுக்கு உடை தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணியை முடித்த தம்பிகள் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பாவனைத் துப்பாக்கிக்கும் இங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பொது இடங்களில் வெறுங்கையோடுதான் நிற்போம்.

இரண்டு முடிவுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க்கில் கூட்டப்பட்ட இந்தியப் போர்க்கைதிகளில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், இன்னொரு பகுதியினர் மறுத்துச் சிறையில் துன்பப்பட்டார்கள். அன்று இருதரப்பும் உடுத்தியிருந்தது ஒரே காக்கி. பிரிட்டிஷ் தரப்பில் மடிந்தோருக்கான கிராஞ்சி நினைவிடத்தில் பெயர் உள்ளவர்களின் பிள்ளைகளும் நம் நிகழ்ச்சிக்கு வருகிறார்கள், நேதாஜியோடு போனவர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். அதனால் ஒரு தரப்பின் சின்னம் தைத்த சட்டையைப் பிரித்து மறுதரப்புக்குக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துகிறோம். செலவு கூடும்தான். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரே அணிதான். இரண்டாவது, ஜப்பானிய உடை தைக்கக் கேட்டு வந்த விண்ணப்பங்கள். 1942இல் ஜப்பானியர் இங்கே சீனர்மீது நடத்திய சூக் சிங் படுகொலையில் உறவுகளை இழந்த சீனக் குடும்பங்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கின்றன. காட்சிக்கு முழுமை வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஜப்பானிய உடையை இங்கே தெருவில் நடமாடவிடும் உரிமை நமக்கு இருப்பதாகச் செயற்குழு கருதவில்லை. விண்ணப்பங்களை ஏற்கவில்லை.

ஒரு வருத்தமான செய்தி. வெளி ஏற்பாட்டாளர் ஒருவர் இரவல் வாங்கிய சட்டைகளை வியர்வை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டித் திருப்பித் தந்தார். பூஞ்சணம் படிந்த இடத்தில் கறை இன்னும் போகவில்லை. இனி வெளியாருக்கு உடை கிடையாது. நம்மவர்களும் அணிந்த அன்றே துவைத்து, பித்தளைப் பொத்தான்களைக் கழற்றித் துடைத்து, துணிப்பையில் வைத்துத் தரவும்.

வரும் ஆண்டில் தொப்பிகள் தைக்கும் வேலை மீதமுள்ளது, ராணிப் படைக்கு மேலும் உடைகள் தேவை. சமூக மன்ற அறை சனிக்கிழமை மாலைகளில் கிடைக்கிறது. காஜா வகுப்பை அந்த மாணவியரே நடத்துவார்கள், ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் வரலாம். டிரில் துணி வாங்கவும், நேர்த்தையல் போடும் பழைய சிங்கர் மெஷின் ஒன்றைப் பழுதுபார்க்கவும் பொருளாளர் கேட்கும் தொகையை அனுமதிக்குமாறு முன்மொழிகிறேன். வழிமொழிபவர் தயவுசெய்து கை உயர்த்தவும்.

நன்றி.
செயலாளர்