கருப்பட்டிக் காபி குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம்.

நம் கடையின் கருப்பட்டிக் காபியில் சீனிப்பாகு கலக்கிறோம் என்று பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் பத்து நாள்களாக ஒரு செய்தி சுற்றி வருகிறது. சுவை மாறியிருப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. கலப்படம் என்பது உண்மையன்று.

கடையின் பெயர் தலைமை நிறுவனத்துடையது. முதலும் வாடகையும் பணியாளர் சம்பளமும் என் பொறுப்பு. நிறுவனம் ஒப்புதல் அளித்த விநியோகஸ்தர்களிடம் மட்டுமே சரக்கு வாங்க வேண்டும் என்பது பிரான்சைஸ் ஒப்பந்தத்தில், அதாவது நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் ஒப்பந்தத்தில், முதல் நாளிலிருந்தே உள்ள விதி. காபித்தூள் முதல் காகிதக் கோப்பை வரை அப்படித்தான் வாங்கி வந்தோம். கருப்பட்டியை மட்டும் உடன்குடி வியாபாரி ஒருவரிடம் வாங்கிக்கொள்ள வாய்மொழியாக அனுமதித்திருந்தார்கள். இந்தச் சித்திரையோடு அந்த அனுமதி நின்றுபோனது. இப்போது வருவது அவர்கள் அனுப்பும் பனைவெல்லத் தூள்.

சீனி என்ற பழிதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை நாங்கள் தினமும் விடியற்காலையில் தட்டி, கரைத்து, கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டினோம். அடியில் தங்கிய மண்டியையும் மேலே எழும்பிய மணத்தையும் அடுப்படிக்கு முன் நின்று பார்த்தவர்கள் உங்களில் பலர். தூளில் மண்டியும் இல்லை, அந்த மணமும் இல்லை. ஆகவே ஐயம் எழுந்ததில் தவறில்லை. ஆனால் அந்தத் தூளில் எங்கள் கையால் ஒரு கரண்டிச் சீனிகூடச் சேர்க்கவில்லை. நிறுவனம் அனுப்பிய பரிசோதனைச் சான்றின் நகலைக் கல்லாவுக்கு அருகில் ஒட்டியிருக்கிறேன். பிரிக்காத பொட்டலத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

எல்லாக் கிளைகளிலும் ஒரே சுவை வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு பில் வேண்டும் என்று நிறுவனம் சொல்வதில் நியாயம் உண்டு. கருப்பட்டியில் சீனி கலப்பவர்கள் வெளியே இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒப்புதல் பெற்ற விநியோகஸ்தரிடமிருந்து நிறுவனத்துக்குக் கமிஷன் ஏதும் போகிறதா என்று கேட்ட என் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அமெரிக்காவில் அத்தகைய வருமானத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாட்டு வணிக ஆணையத்தின் விதி இருக்கிறது. நம் நாட்டில் பிரான்சைஸ் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசினாலும், சந்தையில் போட்டி குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படுவதைக் காட்டினால்தான் அது துணைக்கு வரும். ஒரு காபிக்கடைக்கு அது எட்டாத உயரம். மீறி வெளியே வாங்கினால் ஒப்பந்தம் ரத்தாகும், வைப்புத்தொகையும் திரும்பாது.

தூளின் விலை அதிகம். நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக் கொடுக்கும் ராயல்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. செலுத்துகிறோம், உங்களிடம் 5 சதவீதம் வாங்கும் உணவகம் என்பதால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இக்காரணங்களால் 1-ஆம் தேதி முதல் காபி 30 ரூபாய் ஆகிறது. பலகையிலிருந்த 'உடன்குடி' என்ற சொல்லை எடுக்க ஐந்து வாரம் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

வ.உ.சி. மைதானத்தில் நடைப்பயிற்சி முடித்து நேரே இங்கு வரும் பெரியவர்களுக்கும், வதந்தியைக் கேட்டவுடன் கடைக்கே வந்து என்னிடம் நேரில் விசாரித்தவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இல்லை.

உடன்குடி வியாபாரியை ஒப்புதல் பட்டியலில் சேர்க்க மாதிரியும் ஆய்வுக் கட்டணமும் அனுப்பிவிட்டேன். கட்டணம் என் கைப்பணம். பதில் எதுவாக இருந்தாலும், வந்த அன்றே கடை வாசலில் எழுதி வைப்பேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
பாளையங்கோட்டை