சாமி படத்துக்குப் பின்னால் ஒரு ரிப்போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் வைரஸ் நோய் இருப்பது 2 வருடமாகத் தெரியும். ரிப்போர்ட் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டால், “உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே தம்பி” என்கிறார். ஈரல் கெட்டுப்போகும்வரை பெரும்பாலும் இது ஒன்றும் செய்யாது, அதுதான் வம்பு. அவர் சித்தப்பா அந்தக் காலத்தில் இதே நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக் காய்ச்சலும் சோர்வுமாய்க் கிடந்த பயம் வேறு. இப்போது சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை; தினம் ஒன்று, 12 வாரம், 100க்கு 95 பேருக்குக் குணமாகிறது. நம் பர்மா கியாட் பணத்தில் கணக்குப் பார்த்தால் பரிசோதனைச் செலவே கையைக் கடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் விஷயம் வெளியே கசியக்கூடாது என்பதுதான் பெரிய பூட்டு. இது ரத்தத்தால் பரவுவது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று கோயில் அன்னதானப் பந்தியிலாவது யாராவது சொல்லுங்களேன்.

ஒரு வாசகர்,
ரங்கூன்